மூன்றாம் முறை கேட்காத பெயர்

தூரான் ஷாலிகாரின் குறிப்பேடுகளில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் பென்சிலால் போட்ட மூன்று சிறு கோடுகள் இருக்கும். ரஷ்த் நகரத்தில் எங்கள் வாரப் பத்திரிகையில் பதினேழு வருஷம் அவளுக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்து பிழை திருத்தினேன், பக்கம் கட்டினேன். அந்தக் கோடுகளின் அர்த்தம் தெரிந்தவர்கள் அலுவலகத்தில் இரண்டு பேர்தான். ஒருத்தி நான். இன்னொருவர் ஆசிரியர் ஃபூமனி.

எனக்கு முன்பே வந்து சேர்ந்தவள் அவள், ஆனால் நிருபராகச் சேரவில்லை. இருபத்து நான்கு வயதில், வாசல் பக்கத்து மேஜையில் இரங்கல் விளம்பரம் வாங்கி எழுதும் வேலைக்குச் சேர்ந்தாள். யாராவது செத்தால் அன்றைக்கு ஒன்று, ஏழாம் நாளுக்கு ஒன்று, நாற்பதாம் நாளுக்கு ஒன்று என்று குடும்பத்தார் வந்து வரிசையில் நிற்பார்கள். வேலை சேர்ந்த இரண்டாம் மாதம் ஒரு மருமகள் வந்தாள். மாமியார் இறந்துவிட்டார். பிள்ளைகள் பெயரெல்லாம் சொல்லி முடித்தபின், பெண்களை மரியாதையாக அழைக்கும் எங்கள் சொல்லோடு தூரான் கேட்டாள், "உங்க பேரு, கானும்?"

"என் பேரெல்லாம் எதுக்கு? பெத்த பிள்ளைங்க பேரு வந்தா போதும். நான் வெளியிலேருந்து வந்தவதானே."

தூரான் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். சனிக்கிழமை பத்திரிகை வந்தது. அன்று மதியமே அந்தப் பெண் மேஜைக்கு முன்னால் நின்றாள்.

"பன்னெண்டு வருஷம் அந்தக் கிழவிக்கு மூத்திரத் துணி அலசினவ நான். ஊரே பேப்பரைப் பாத்துட்டு, உனக்கும் அந்த வீட்டுக்கும் என்னடி சண்டைன்னு கேக்குது!"

"நீங்கதானே கானும் வேணாம்னு சொன்னீங்க?"

"சொன்னேன். சொன்னா விட்டுடுவியா? நீ எந்த ஊர்க்காரி?"

ஃபூமனி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். "இவளை ஒரு கல்யாணத்துக்கு அனுப்பினா வெறும் வயித்தோடதான் திரும்பி வருவா. சோறு போடவான்னு கேப்பாங்க, இவ வேணாம்பா, அவங்க போயிடுவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். தூரான் சிரிக்கவில்லை. எங்கள் ஊரில் எதையும் ஒப்புக்குத்தான் முதலில் சொல்வோம். டாக்சிக்காரர் காசே வேண்டாம் என்பார், யாரும் கொடுக்காமல் இறங்கிப் போவதில்லை. விருந்தாளி சோறு வேண்டாம் என்பார், யாரும் தட்டை எடுத்துக்கொண்டு போவதில்லை. இதெல்லாம் பிறந்தது முதல் அவளுக்கும் தெரியும். ஆனால் அச்சில் ஏறிய பெயரைத் திரும்ப அழைக்க முடியாது, விட்டுப்போன பெயரை மறுபடி உள்ளே நுழைக்க முடியாது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தாள். அதற்குப் பிறகு எல்லோரிடமும் மூன்று முறை கேட்டாள். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு கோடு.

நான்கு வருஷம் கழித்துச் செய்தி எழுத ஆரம்பித்தபோதும் அந்தப் பழக்கம் கூடவே வந்தது. செய்தியில் பெயர் கேட்டால் எங்கள் ஆட்கள் முதல் வாயில், "போடுங்க, என் பேரு என்ன அவ்வளவு பெரிய பேரா," என்பார்கள். அது சம்மதம் இல்லை, வீட்டுக்கு வந்தவரிடம் முகம் முறிக்காத மரியாதை. மூன்றாம் முறை கேட்கும்போது தூரான் குறிப்பேட்டை மூடுவாள். பென்சிலைத் தரையில் வைப்பாள். "இப்ப மரியாதை வேணாம். உள்ளதைச் சொல்லுங்க. உங்க பேரைப் போடலாமா?"

ஒரு தடவை ஒரு நர்ஸ் இரண்டு முறை தாராளமாகப் போடச் சொன்னாள். மூன்றாம் முறை கேட்டபோது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். செய்தியில் "ஒரு நர்ஸ்" என்றுதான் வந்தது. இருபத்து மூன்று வருஷத்தில் மூன்றாம் சம்மதம் இல்லாமல் அவள் ஒரு பெயரையும் அச்சுக்குக் கொடுத்ததில்லை. அவள் எழுதியது ஒன்றும் தலைநகரில் பேசப்படும் செய்தி இல்லை. பள்ளிக்கூடத்துக் கூரை, மீன் விலை, சாக்கடை, பாலம். பெயரும் தேதியும் மட்டும் ஒரு நாளும் தவறியதில்லை.

அவள் வேலைக்கு வந்த இருபத்து நான்காம் வருஷம் நடவுக் காலத்தில் மூன்று கிராமத்து வயல்கள் காய்ந்தன. மழைக்குப் பேர்போன எங்கள் பக்கத்தில் நாற்று மஞ்சளாகிப் படுத்துவிட்டது. தூரான் ஒரு வியாழக்கிழமை காலையில் மினிபஸ் ஏறிப் போனாள். வியாழக்கிழமை மதியம் எங்கள் பக்கங்கள் மூடும். வெள்ளிக்கிழமை அச்சு, சனிக்கிழமை கடை.

அங்கே மதகு திறந்து மூடும் மஷ் சஃபரைப் பார்த்தாள். நாற்பது வருஷமாகப் பெரிய வாய்க்காலின் சாவிகள் அவர் இடுப்பில்தான் இருந்தன. மஷ்ஹத் புனிதத் தலத்துக்கு யாத்திரை போய் வந்தவர் என்பதால் மஷ் சஃபர். அவர் மறைக்கவில்லை.

"மேலேருந்து ஒரு காகிதம் வந்துச்சு கானும். ரெண்டு வாரம் தண்ணியை அந்தப் பக்கம் திருப்புன்னு. அந்தப் பக்கம் என்ன இருக்கு? ஒரு பெரிய மனுஷனோட பங்களாங்க. நடுவுல ஒரு குளம். படகு விடறாங்களாம். எழுபது குடும்பத்து நாத்து இங்க சாகுது, அங்க வாத்து நீஞ்சுது. திருப்பினது இந்தக் கைதான். அதனாலதான் சொல்றேன்."

"உங்க பேரைப் போடலாமா, மஷ் சஃபர்?"

"என் பேரு உங்க காலடியில. போடுங்க."

ஒரு கோடு.

"யோசிச்சுச் சொல்லுங்க. போடலாமா?"

"பயந்தவன் இவ்வளவு பேசுவானா?"

இரண்டாவது கோடு. அவள் குறிப்பேட்டை மூடினாள். அப்போது சாலையில் மினிபஸ் ஹாரன் அடித்தது. அடுத்த வண்டி சாயங்காலம்தான். வீட்டுக்குள்ளிருந்து மஷ் சஃபரின் மனைவி கோல்பானு ஒரு பை பச்சை அவரையோடு ஓடி வந்தாள்.

"கானும், வெறுங்கையோட போகக்கூடாது. புடிங்க."

"ஐயோ வேணாம், நீங்க வெச்சுக்குங்க."

"என் உசிரைப் போல நெனச்சு வாங்கிக்குங்க."

"உங்க கைக்கு நோவே வரக்கூடாது, நிஜமா வேணாம்."

"வாங்கலைன்னா நான் பேசமாட்டேன்."

ஹாரன் மறுபடி அடித்தது. பையை வாங்கிக்கொண்டு தூரான் ஓடினாள். மூன்றாவது கேள்விக்கு இருந்த நேரம் அந்த அவரைப் பையை மறுப்பதில் போய்விட்டது.

அலுவலகத்தில் பையை என் மேஜைமேல் வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தாள். ஒரு மணி நேரத்தில் முடித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மனீஜே, ரெண்டு கோடுதான் இருக்கு."

"போன் பண்ணு."

மூன்று தடவை அடித்தாள். மஷ் சஃபர் வயலில் இருந்திருப்பார். மணி போய்க்கொண்டே இருந்தது. ஃபூமனி கதவில் நின்று கடிகாரத்தைக் காட்டினார். "அச்சகத்துக்காரன் என்னைத் திட்டறான். நான் உங்களைத் திட்டறேன். நீங்க யாரையாவது திட்டிக்கிட்டே பக்கத்தை மூடுங்க."

பெயர் இல்லாமல் போட்டால் அந்தச் செய்தியை யார் வேண்டுமானாலும் ஊதித் தள்ளலாம். நாற்பது வருஷம் சாவி வைத்திருந்தவர் சொன்னார் என்றால்தான் அதற்கு எடை. தூரான் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"போடவா?" என்றேன்.

"அவரு ஒப்புக்குப் பேசற ஆளு இல்ல," என்றாள்.

நான் பெயரைச் சேர்த்தேன். அன்று சாயங்காலம் அந்த அவரையைப் பூண்டும் முட்டையும் போட்டுச் செய்து ஆளுக்குப் பாதி சாப்பிட்டோம்.

திங்கட்கிழமை மஷ் சஃபரை விசாரணைக்கு அழைத்துப் போய் ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். சாவிகளை வாங்கிக்கொண்டார்கள். புதன்கிழமை காலை தூரானின் வீட்டுக்கு இரண்டு ஆண்களும் ஒரு பெண்ணும் வந்தார்கள். கணினியையும் குறிப்பேடுகளையும் பெட்டியில் போட்டார்கள், அவளையும் அழைத்துப் போனார்கள். அவள் தனியாக இருப்பவள். அப்பா அம்மா இல்லை, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஒரே அண்ணன் தெற்கே துறைமுகத்தில் அரசாங்க வேலையில் இருந்தார். கெட்டில் வைத்திருந்த அடுப்பை அணைத்துவிட்டாளா என்று அவளுக்கே நினைவில்லையாம். முதல் பதினைந்து நாள் தனியறையில் அதைத்தான் அதிகம் யோசித்தாளாம்.

அவள் அங்கே இருந்ததைப் பற்றி எனக்கு ஒரே மூச்சில் சொன்னதில்லை. சுவரைப் பார்த்து நாற்காலி. பின்னாலிருந்து குரல். குரல் மரியாதையான குரல்.

"கானும் ஷாலிகார், இந்தக் கோடெல்லாம் என்ன கணக்கு? ஏதாவது சங்கேதமா?"

"குடிச்ச டீ."

"என்னது?"

"அவங்க வீட்ல எத்தனை டீ குடிச்சேன்னு குறிச்சுப்பேன். அடுத்த தடவை அவங்க நம்ம வீட்டுக்கு வந்தா குறையக்கூடாதில்ல."

காகிதம் புரளும் ஓசை. "எல்லார் வீட்லயும் மூணு. இந்த மதகுக்காரர் வீட்ல மட்டும் ரெண்டு."

"பஸ் வந்துடுச்சு."

அது பொய்யில்லை என்று என்னிடம் சொல்லும்போது அவள் கொஞ்சம் சிரித்தாள்.

முப்பத்தெட்டாம் நாள் ஒரு தாளை அவள் தோள் வழியாக மடியில் வைத்தார்கள். மஷ் சஃபரின் வாக்குமூலம். இந்தப் பெண் வந்தார், நான் எதுவும் சொல்லவில்லை, என் பெயரைப் போடச் சொல்லவில்லை என்று இருந்தது. கீழே கட்டைவிரல் ரேகை.

"ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய் சொல்றீங்க," என்றது குரல். "அவருன்னா அவரைத் திரும்பக் கூப்பிடணும். வயசானவர், நெஞ்சு வலின்னு வேற சொன்னாரு. நீங்கன்னா இதோட முடிஞ்சுது. எழுதிக் குடுங்க, போதும்."

தூரான் பேனா கேட்டாள். "மதகுக்காரர் சொன்னதாக வந்தவை நானாக எழுதியவை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மருமகளின் பெயர் விட்டுப்போனதற்காக வாழ்நாள் முழுதும் மூன்று முறை கேட்டவள், பொய் எழுதினேன் என்று ஒரே முறையில் எழுதிக் கொடுத்தாள். பொய்ச் செய்தி பரப்பிய குற்றத்துக்கு ஒன்றரை வருஷம் சிறை, ஐந்து வருஷம் எழுதத் தடை.

சிறையில் நேரில் பார்க்க ரத்த சொந்தத்துக்கு மட்டும்தான் அனுமதி. அண்ணன் ஒரு தடவை வந்தார், வேலை போய்விடும் என்று அழுதார், போய்விட்டார். மற்ற பார்வை நாட்களில் தூரானைத் தேடி யாரும் வரவில்லை. நான் வாசல் வரை இரண்டு முறை போனேன். "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்கள். எதிர் மேஜை என்பதற்கு அவர்கள் படிவத்தில் இடம் இல்லை.

வாரத்துக்கு ஒரு தடவை அவள் போன் செய்வாள். முதலில் பதிவு செய்த குரல் ஒன்று, இந்த அழைப்பு சிறையிலிருந்து வருகிறது என்று சொல்லும். அதைக் கேட்டதும் தெரிந்தவர்கள் பலர் வைத்துவிட்டார்கள் என்று அவள் குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னாள்.

"மூணாம் பக்கத்துல என்ன?"

"இரங்கல் விளம்பரம். அஞ்சு."

"படி."

நான் படிப்பேன். செத்தவர் பெயர், பிள்ளைகள், மருமக்கள், மசூதி, நேரம். அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு தடவை, "ரெண்டாவதுல மருமக பேரு இல்லையே, கேட்டியா?" என்றாள். கேட்கவில்லை. அதற்குள் பத்து நிமிஷம் முடிந்து இணைப்பு அறுந்தது.

இன்னொரு தடவை சிரித்துக்கொண்டே சொன்னாள். "முதல் நாள் இந்தப் பொண்ணுங்க எனக்கு ஜன்னலோரக் கட்டிலைக் குடுத்தாங்க. பெரியவங்க நீங்க, படுத்துக்குங்கன்னாங்க. நான் வழக்கம்போல வேணாம்னேன். மறுபடி சொன்னாங்க. மறுபடி வேணாம்னேன். அவ்வளவுதான், வேற ஒருத்தி ஏறிப் படுத்துட்டா. இங்க மூணாவது தடவை யாரும் கேக்கறதில்ல, மனீஜே. கக்கூஸ் பக்கத்துக் கட்டில்லதான் இருக்கேன்."

பதினான்கு மாதத்தில் விட்டார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. கைக்கடிகாரம், தலைமுக்காடு, ஒரே ஒரு குறிப்பேடு. மற்றவை திரும்பவில்லை. அந்த ஒன்று கடைசியானது. மஷ் சஃபர் பெயரும் இரண்டு கோடுகளும் அதில்தான் இருந்தன.

நகரம் அவளை மரியாதையாகத்தான் வரவேற்றது. ரொட்டிக்கடைக்காரர், பல் வைத்தியர், பழைய பள்ளித் தோழிகள் எல்லோரும், "எங்க வீட்டுக்கு ஒரு நாள் வரணும்," என்றார்கள். எல்லோரும் ஒரு தடவை சொன்னார்கள். எந்த நாள் என்று யாரும் சொல்லவில்லை. அவள் சமையலறை மேஜையில் இரண்டு நாற்காலி இருந்தது. ஒன்றில் இஸ்திரி போடவேண்டிய துணியைக் குவித்துவைத்தாள். அந்தக் குவியல் குறைந்து நான் பார்த்ததில்லை. தைக்கும் கடைகளுக்கு வீட்டிலிருந்து காஜா எடுத்துக் கொடுத்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு, அவள் செய்திக்கு வெளியே போன நாட்களில் பக்கம் பற்றிப் பேச நான் போன் செய்த நேரம், போனைத் திருப்பி மேஜையில் கவிழ்த்து வைத்துவிடுவாள்.

அதைவிட மோசம் புதன் சந்தை. வயல் காய்ந்த குடும்பங்கள் நஷ்டத்துக்கு மனு போட்டிருந்தன. பத்திரிகைச் செய்தி பொய் என்று எழுதியவளே ஒப்புக்கொண்டாள், ஆகவே மனு தள்ளுபடி என்று பதில் வந்திருந்தது. அந்தக் கிராமத்துக்காரி ஒருத்தி சந்தையில் பூண்டு விற்றாள். தூரான் ஒரு கட்டைக் கையில் எடுத்ததும் அவள் அதைப் பிடுங்கிக் கூடையில் போட்டாள்.

"பொய்க்காரிக்கு இங்க பூண்டு இல்ல. அந்த வாத்துக் குளத்துக்காரன்கிட்ட போய்க் கேளு, தருவான்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் வாய் திறந்தேன். தூரான் என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"உள்ளதைச் சொல்லிடேன் தூரான். எத்தனை நாள் இப்படி?"

"சொன்னா அவரைத் திரும்பக் கூப்பிடுவாங்க."

"அவரு உன்னைக் காட்டிக் குடுத்தவரு."

"அது தெரியலையே," என்றாள். "அதுதான் தெரியலை. நிஜமா போடச் சொல்லிட்டு அப்புறம் பயந்தாரா, இல்ல அன்னைக்கே ஒப்புக்குத்தான் சொன்னாரா? முதல்லதுன்னா தப்புல பாதி அவரோடது. ரெண்டாவதுன்னா அவரு காகிதத்துல எழுதினதுல பாதி உண்மை, அந்தச் சாவியை அவர் இடுப்புலேருந்து அவுத்தது நான்."

இந்த ஒன்றுதான் அவளை அரித்தது. சிறை இல்லை, தடை இல்லை. அவர் இடத்தில் யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள் என்று நான் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். அவள் குறிப்பேட்டை எடுத்து அந்த இரண்டு கோடுகளைக் காட்டுவாள், மூடுவாள்.

அறுவடை முடிந்த ஒரு திங்கட்கிழமை முற்பகல் என் பழைய காரில் போனோம். மழை தூறிக்கொண்டிருந்தது. வயல்களில் தாள் கட்டைகளுக்கு நடுவே தண்ணீர் நின்றது. நான் காரிலேயே இருந்தேன், கண்ணாடியை இறக்கிவைத்தேன். வாசல் ஏழெட்டு அடி தூரம்தான்.

மஷ் சஃபர் மெலிந்திருந்தார். சாவி இல்லாத இடுப்பில் ஒரு கை வைத்துக்கொண்டு நின்றார். அவளைப் பார்த்ததும் முகம் இறுகியது.

"எழுதிக் குடுத்தேன் கானும். ஆமா. ரேகை என்னோடதுதான். அதைக் கேக்கத்தானே வந்தீங்க?"

"இல்ல மஷ் சஃபர். அதைக் கேக்க வரலை. அன்னைக்கு ஒரு கேள்வி பாக்கி விட்டுட்டேன்."

அவள் குறிப்பேட்டைக் காட்டி, அதை மூடினாள். பென்சிலை வாசல் கம்பத்தின்மேல் வைத்தாள். அது ஈரத்தில் உருண்டு கீழே விழுந்தது. அவள் குனியவில்லை.

"மரியாதை வேணாம். உள்ளதைச் சொல்லுங்க. அன்னைக்கு உங்க பேரைப் போட்டிருக்கலாமா?"

அவர் வாய்க்கால் பக்கம் பார்த்தார். உள்ளே கோல்பானுவின் நிழல் திரைக்குப் பின்னால் அசைந்தது, வெளியே வரவில்லை.

"வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்," என்றார். "ரெண்டு தடவை கேட்டீங்க. வீடு தேடி வந்த பொம்பளைகிட்ட எப்படி முடியாதுன்னு சொல்றது? மூணாவது தடவை கேப்பீங்கன்னு நின்னேன். கேட்டா, பேரு மட்டும் வேணாம் கானும், பொண்டாட்டி சீக்காளின்னு சொல்லலாம்னு வாயில வெச்சிருந்தேன். இவ அவரைப் பையோட ஓடி வந்துட்டா. நீங்க பஸ்ஸுக்கு ஓடிட்டீங்க."

"சொன்ன சேதி?"

"சேதி அத்தனையும் உண்மை. அது உங்களுக்கே தெரியும். பேரைத்தான் தரலை."

"சரி, மஷ் சஃபர்."

"என்னை மன்னிச்சுக்குங்கன்னு கேக்கணும்னு இருந்தேன். இப்ப கேக்கத் தோணலை."

"கேக்க வேணாம். நீங்க கேக்க ஒண்ணுமில்ல."

அவர் குனிந்து பென்சிலை எடுத்து, சட்டையில் துடைத்துக் கொடுத்தார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார். உள்ளே வாங்க என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் ஜப்திக்கு வந்தவனைக்கூட உள்ளே வாங்க என்றுதான் சொல்வார்கள்.

கார் கிளம்பியதும் எனக்குத் தாங்கவில்லை. "ஒரு டீ குடிச்சுட்டுப் போங்கன்னு சொல்ல வாய் வரலை பாரு அந்த மனுஷனுக்கு."

"சொல்லியிருந்தா அவரு இப்ப சொன்ன பதிலையும் நான் நம்பியிருக்கமாட்டேன்," என்றாள் தூரான்.

குறிப்பேட்டைத் தொடைமேல் வைத்து மூன்றாவது கோட்டைப் போட்டாள். நிமிர்ந்த இரண்டுக்கும் குறுக்கே, படுக்கையாக. வண்டி குலுங்கியதில் கோடு கோணலாகப் போனது. அழித்துவிட்டுத் திரும்பப் போட்டாள்.

அவள் தெருமுனையில் நிறுத்தினேன். "எங்க வீட்டுக்கு வா. கத்திரிக்காய் சுட்டு வெச்சிருக்கேன். சோறு வெக்கறதுதான் பாக்கி."

"வேணாம் மனீஜே."

"வந்து உக்காந்துட்டுப் போ."

"காஜா வேலை கிடக்கு."

இஞ்சினை அணைத்தேன். அவள் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தேன். அந்தப் பெயரைப் பக்கத்தில் சேர்த்தவள் நான். அதை அவள் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை.

"ஒப்புக்குக் கேக்கலை, தூரான். வரியா?"

அவள் யோசித்தாள். "இல்ல," என்றாள். "இன்னைக்கு வேணாம்." பையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினாள்.

மூன்றாவது பதிலை நம்பவேண்டும். நான் காரைத் திருப்பினேன்.